வேரைக் கேட்டு வால்வைத் திறப்போம்



குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சென்சார் வழிப் பாசனத்தை எப்படி வடிவமைப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்த அரங்கில் மண்ணைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மின்சுற்றைத் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே வரப்பில் நின்று பேசாத வரைக்கும், எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் அது வயலில் ஒரு பட்டம் தாண்டாது. இதை உங்கள் முன்னால் வைத்து வாதாடத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓர் ஏக்கர் நிலம். அதன் மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். எவ்வளவு இருக்கும்? 4,047 லிட்டர். நல்ல வெயில் நாளில், வளர்ந்து நிலத்தை மூடிய பயிர் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீரைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். நாம் கண்ணால் பார்த்து, கையால் பிசைந்து, 'இன்றைக்குத் தண்ணி கட்டலாம், நாளைக்குக் கட்டலாம்' என்று முடிவு செய்கிறோமே, அந்த முடிவு ஒரு நாள் முன்னே போனாலும் பின்னே போனாலும் கணக்கில் வந்து நிற்பது இந்த 20,000 லிட்டர்தான்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பல்லடம், சூலூர், அன்னூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆயிரம் அடி தாண்டி போர் இறங்குகிறது. தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பகுதிகள் 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை' என்ற பட்டியலில் நிற்கின்றன. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், அடுத்த கோடையில் தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியதும் இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.

இத்தனை ஆழத்திலிருந்து ஏற்றும் தண்ணீரை நாம் எப்படிப் பாய்ச்சுகிறோம்? உழவுக்கு மின்சாரம் இலவசம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான். ஆனால் மும்முனை மின்சாரம் எல்லா நேரமும் வருவதில்லை. நள்ளிரவில் வரும், விடியலில் போகும். டார்ச் லைட்டோடு, பாம்புக்கு அஞ்சி, மடை மாற்றப் போன இரவுகள் எத்தனை! அந்தத் தொல்லை தாங்காமல்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினோம். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். நேற்று மழை பெய்ததா? மோட்டாருக்குத் தெரியாது. வேருக்குத் தாகமா? மோட்டாருக்குத் தெரியாது. மின்வாரியத்தின் நேரத்துக்குப் பயிர் தண்ணீர் குடிக்கிறது. உழவர் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை. தூங்க விரும்பியது குற்றமா? குறை எங்கே இருக்கிறது என்றால், மோட்டாரை இயக்கும் அந்தச் சங்கிலியில் வேருக்கு இடமே இல்லை என்பதில்தான்.

ஆகவே மாணவர்களே, வடிவமைப்பை எங்கே தொடங்க வேண்டும்? போர்டில் இல்லை. செயலியில் இல்லை. வேரில் தொடங்க வேண்டும்.

மண்ணை ஒரு குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். குதிர் நிரம்பி வழிந்த பிறகு கொட்டுவதெல்லாம் வீண். நிலம் நன்றாக நனைந்து, மிகைத் தண்ணீர் வடிந்து, ஒன்றிரண்டு நாளில் மண் எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதுதான் விளிம்பு. அதை வயல் கொள்ளளவு என்கிறோம். குதிரின் அடியில் கை எட்டாத ஆழத்தில் கொஞ்சம் தானியம் தங்கும் அல்லவா? அதுபோல மண்ணும் கடைசி ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேரால் உறிஞ்ச முடியாது. அது வாடல் நிலை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பயிரின் கையிருப்பு.

அந்தக் கையிருப்பில் எவ்வளவு தீர்ந்ததும் தண்ணீர் விட வேண்டும்? இங்கேதான் பயிருக்குப் பயிர் வேறுபாடு. ஐக்கிய நாடுகள் அவையின் உணவு, வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் பாசன ஏட்டில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. வெங்காயம் 30 சதவீதம் தீர்வதற்குள் தண்ணீர் கேட்கும். தக்காளி 40 சதவீதம் வரை பொறுக்கும். பருத்தியும் கரும்பும் 65 சதவீதம் வரை தாங்கும்.

இதை வயலில் வைத்துப் பார்ப்போம். பல்லடம் பக்கத்துச் செம்மண்ணில் சின்ன வெங்காயம். மண் இலேசானது, நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம்தான் கையிருப்பு என்று கொள்வோம். வேர் ஓர் அடி ஆழம், அதாவது 30 சென்டிமீட்டர். கையிருப்பு மொத்தம் 30 மில்லிமீட்டர். அதில் 30 சதவீதம் என்றால் 9 மில்லிமீட்டர். நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் செலவு. எத்தனை நாள் தாங்கும்? இரண்டு நாள்கூட முழுதாக இல்லை. இப்போது கரிசலில் பருத்தி. கையிருப்பு நூற்றுக்குப் பதினாறு, வேர் ஒரு மீட்டர். மொத்தம் 160 மில்லிமீட்டர். அதில் 65 சதவீதம் என்றால் 104 மில்லிமீட்டர். எத்தனை நாள்? இருபது நாள்! வெயில் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். ஒரு வயல் இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்கிறது, இன்னொரு வயல் இருபது நாள் பொறுக்கிறது. 'ஈரம் 30க்குக் கீழே போனால் மோட்டாரைப் போடு' என்று எல்லா வயலுக்கும் ஒரே எண்ணை எழுதிக் கொடுக்கும் நிரல் எப்படி உருப்படும்? சொல்லுங்கள்.

சரி, ஈரத்தை எப்படி அளப்பது? கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது இரண்டு கம்பி கொண்ட மின்தடைச் சென்சார். மண்ணில் குத்தி, மின்னோட்டம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்க்கும். கல்லூரிக் கண்காட்சியில், பூந்தொட்டியில், அது அழகாக வேலை செய்யும். வயலில் தொடர்ந்து மின்சாரம் கொடுத்து வைத்தால் மின்னாற்பகுப்பால் ஒரு கம்பி சில வாரங்களில் அரித்துப்போகும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சொட்டுநீர் வழியாக நீங்கள் உரம் விடுகிறீர்கள். உப்பு கலந்த மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும். சென்சார் 'ஈரம் நிறைய இருக்கிறது' என்று சொல்லும். பயிர் வாடும். இதை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது மின்தேக்கு வகைச் சென்சார். இது நேரடியாக மின்சாரத்தை மண்ணுக்குள் ஓட்டுவதில்லை. மின்காப்பு மாறிலி என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள், அதைத்தான் இது உணர்கிறது. காற்றுக்கு 1, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, தண்ணீருக்கு ஏறத்தாழ 80. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருப்பதால் மண்ணில் சிறிது ஈரம் கூடினாலும் அளவு மாறும். உப்பின் தொல்லை முழுக்கப் போகாது, ஆனால் குறையும். இதிலும் ஓர் எச்சரிக்கை. மலிவான பலகைகளில் மேற்பரப்பில் பூச்சு இருக்கும், வெட்டிய ஓரங்களில் இருக்காது. அந்த ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறி, இரண்டு மாதத்தில் அளவு தடம் மாறும். ஓரத்துக்கு எபாக்சி பூசுங்கள், மேலே உள்ள மின்னணுப் பகுதியைச் சூட்டில் சுருங்கும் குழலில் மூடுங்கள். ஒரு மாலை வேலைதான். அதைச் செய்யாமல் விட்ட சென்சார்தான் வயலில் அதிகம்.

சென்சார் தரும் எண் ஈரம் ஆகாது. அது வெறும் எண். அதை ஈரமாக மாற்ற அந்த வயலின் மண்ணையே கேட்க வேண்டும். கொள்ளளவு 500 கன சென்டிமீட்டர் உள்ள ஒரு தகர டப்பாவை வயலில் அழுத்தி மண் எடுங்கள். சென்சார் அந்த இடத்தில் என்ன சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்ணை எடை போடுங்கள். 875 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். மறுபடி எடை; 775 கிராம். போனது 100 கிராம் தண்ணீர், அதாவது 100 கன சென்டிமீட்டர். ஐந்நூறில் நூறு. ஈரம் 20 சதவீதம். மண் நனைந்திருக்கும்போது, நடுத்தரமாக இருக்கும்போது, காய்ந்திருக்கும்போது என்று சில முறை இதைச் செய்தால் உங்கள் சென்சாருக்கு அந்த மண்ணின் மொழி பிடிபட்டுவிடும். உழவர்கள் உருண்டை பிடித்துப் பதம் பார்ப்பீர்களே, அந்த அறிவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'இந்த எண்ணில் உருண்டை உடைந்தது, இந்த எண்ணில் நின்றது' என்று எழுதிய தாள் எந்த ஆய்வகச் சான்றிதழுக்கும் குறைந்ததில்லை.

எங்கே நடுவது? சொட்டுவானுக்கு நேர் கீழே நட்டால் எப்போதும் ஈரமாகவே காட்டும். வெகு தூரத்தில் நட்டால் எப்போதும் வறட்சி. சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேர் இருக்கும் இடத்தில், இரண்டு ஆழங்களில் நடுங்கள். மேல் சென்சார் எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லும். கீழ்ச் சென்சார் எப்போது அதிகம் விட்டுவிட்டோம் என்று சொல்லும். வேருக்குக் கீழே ஈரம் ஏறிக்கொண்டே போனால் உங்கள் தண்ணீரும் உரமும் பயிரைத் தாண்டிப் போகின்றன என்று பொருள். கரிசல் மண்ணில் இன்னும் கவனம் வேண்டும். காயும்போது அது வெடிக்கும். வெடிப்பு சென்சார் ஓரமாக வந்தால் அது மண்ணை விட்டுக் காற்றை அளக்கும்.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது!

ஒரு சாதாரண அர்டுயினோ ஊனோ பலகை சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 45 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 1,080 மில்லி ஆம்பியர் மணி. உங்கள் பேட்டரி 2,000 என்றால், இரண்டாம் நாள் இரவுக்குள் வயலில் இருட்டு. இப்போது வேறு விதமாகச் செய்வோம். கருவி அரை மணிக்கு ஒருமுறை விழிக்கட்டும். இரண்டு நொடியில் சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, அளந்து, செய்தி அனுப்பி, மறுபடி உறங்கட்டும். விழித்திருக்கும்போது 20 மில்லி ஆம்பியர், உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர். நாளுக்கு 48 முறை, 96 நொடி விழிப்பு. விழிப்புக்கு அரை மில்லி ஆம்பியர் மணி, உறக்கத்துக்குக் கால். மொத்தம் 0.77. ஆயிரத்து எண்பது எங்கே, முக்கால் எங்கே! அதே பேட்டரி கணக்குப்படி ஏழு ஆண்டு வரும். பேட்டரி தானாகவே இழக்கும் மின்னூட்டம், வெயில், முதுமை எல்லாவற்றையும் கழித்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கை வைக்க வேண்டாம்.

நாளுக்கு 86,400 நொடிகள். கருவி விழித்திருப்பது 96 நொடி. உறங்கத் தெரிந்த கருவிதான் வயலில் உயிர் வாழும்.

இந்த உறக்கத்தைக் கெடுப்பது எது தெரியுமா? நிரல் இல்லை. பலகையின் மூலையில் இருக்கும் சின்ன மின்னழுத்தச் சீராக்கி. பல பலகைகளில் இருக்கும் ஏ.எம்.எஸ். 1117 என்ற அந்தத் துண்டு, எந்த வேலையும் செய்யாமலே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். நாளுக்கு 120 மில்லி ஆம்பியர் மணி. மூளையை எவ்வளவு ஆழமாக உறங்க வைத்தாலும் பதினாறு பதினேழு நாளில் பேட்டரி காலி. இரண்டு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகக் குடிக்கும் சீராக்கிகள் கிடைக்கின்றன, எம்.சி.பி. 1700 அவற்றில் ஒன்று. பலகையில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று இருக்குமே, அதையும் கழற்றுங்கள். வயலில் அதைப் பார்க்க யாரும் இல்லை.

செய்தி அனுப்ப வைஃபை வேண்டாம். அது வீட்டுக்கு. கிணற்றடிக்கும் கடைசிப் பாத்திக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் இருக்கும், தென்னையும் வாழையும் மறைக்கும். லோரா ரேடியோ இதற்கென்றே அமைந்தது போன்றது. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். திறந்த வெளியில் சில கிலோமீட்டர் போகும், தோப்புக்குள் குறையும். ஒரு செய்தியில் குறைந்த அளவு தரவுதான் அனுப்ப முடியும். ஈரத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மின்சாரத்தை இவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழிப்பது எதற்காக? மின்கட்டணம் மிச்சமாகும் என்றா? ஒரு கணக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரே ஒரு நொடி ஓடினால் 3,730 ஜூல் ஆற்றல். நாம் சொன்ன சென்சார் கருவி ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 10 ஜூல். அதாவது, மோட்டார் ஒரு நொடி ஓடும் ஆற்றலில் சென்சார் ஓர் ஆண்டு வாழும். ஒரு நொடி, ஓர் ஆண்டு! தேவையில்லாமல் ஓடும் ஒரு மணி நேரத்தை இந்தச் சிறிய கருவி தடுத்துவிட்டால், அது 3,600 ஆண்டுகளுக்கான தன் சாப்பாட்டை ஒரே நாளில் சம்பாதித்துவிட்டது.

ஆகவே குறைந்த மின்சாரம் என்பது கட்டணத்துக்காக இல்லை. வயலின் நடுவே ப்ளக் பாயின்ட் இல்லை. கம்பி இழுத்தால் ரோட்டவேட்டர் வரும்போது அறுபடும். பேட்டரி மாற்ற வேண்டிய வேலை ஒன்று உழவருக்குக் கூடுதலாக வந்தால், மூன்றாவது முறை அவர் மாற்ற மாட்டார். மாற்றக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். தண்ணீர் கட்டும் தொல்லையை எடுத்துவிட்டு பேட்டரி மாற்றும் தொல்லையைக் கொடுப்பதற்கு ஒரு கருவி எதற்கு?

அடுத்து வால்வு. சாதாரண சோலனாய்டு வால்வு திறந்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் குடிக்கும். 12 வோல்ட்டில் 400 மில்லி ஆம்பியர் என்றால், இரண்டு மணி நேரப் பாசனத்துக்கு 800 மில்லி ஆம்பியர் மணி. சென்சார் ஒன்பது ஆண்டு தின்னும் ஆற்றல் ஒரே இரவில் போய்விடும். லாட்சிங் வால்வு என்று இருக்கிறது. ஒரு சொடுக்கு மின்சாரம் கொடுத்தால் திறக்கும், திறந்தபடியே நிற்கும். எதிர்த் திசையில் இன்னொரு சொடுக்கு, மூடும். நடுவில் ஒரு துளி மின்சாரம் வேண்டாம். ஆனால் நண்பர்களே, திறந்தபடியே நிற்கும் என்று சொன்னேனே, அதில்தான் ஆபத்து. திறந்திருக்கும்போது பேட்டரி செத்தால் யார் மூடுவது? ஆகவே பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், மூடுவதற்கான கடைசிச் சொடுக்கை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் வால்வை மூடிவிட்டுத்தான் கருவி உறங்க வேண்டும்.

மோட்டாருக்கும் வால்வுக்கும் ஒரு முறை உண்டு. திறக்கும்போது வால்வு முதலில், மோட்டார் பிறகு. நிறுத்தும்போது மோட்டார் முதலில், வால்வு பிறகு. மாற்றிச் செய்தால் எல்லா வால்வும் மூடியிருக்க மோட்டார் ஓடும், பைப் வெடிக்கும். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் காப்பும், மூன்று முனையில் ஒன்று போனால் நிறுத்தும் காப்பும் ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருந்தால் அதை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். ஸ்டார்ட்டரில் கையால் அழுத்தும் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் எப்போதும் வேலை செய்ய வேண்டும். கருவி என்ன சொன்னாலும் கை சொல்வதே முடிவு.

எப்போது தொடங்குவது என்று சென்சார் சொல்லட்டும். எப்போது நிறுத்துவது என்று சென்சாரைக் கேட்காதீர்கள். ஏன்? தண்ணீர் மேலிருந்து வேர் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுக்கும். சென்சார் 'போதும்' என்று சொல்லும்போது மேலே இருப்பது இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை லிட்டர் குறைவு என்று கணக்குப் போட்டு, அந்த அளவு போனதும் நிறுத்துங்கள். ஒரு நீர் மீட்டர் வையுங்கள். அது இன்னொரு நன்மையும் செய்யும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் ஓடினால் எங்கோ அணில் குழாயைக் கடித்திருக்கிறது. வழக்கத்தைவிடக் குறைவாக ஓடினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. தண்ணீர் சரியாகப் போயும் ஈரம் ஏறவில்லையா? சென்சார் பக்கத்துச் சொட்டுவானைப் போய்ப் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. வெளிநாட்டுப் பாடநூலில் வராத ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பை முடிக்க மாட்டேன். பல கிணறுகள் கூட்டுக் கிணறுகள். அண்ணனுக்கு ஒரு முறை, தம்பிக்கு ஒரு முறை, பங்காளிக்கு ஒரு முறை. இன்றைக்கு என் முறை. அடுத்த முறை நான்கு நாள் கழித்து. இன்றைக்கு ஈரம் இன்னும் எல்லைக்குக் கீழே போகவில்லை, ஆகவே கருவி 'வேண்டாம்' என்கிறது. நாளைக்கே எல்லை தாண்டிவிடும். ஆனால் கிணறு நாளைக்கு என்னுடையது இல்லை! பயிர் மூன்று நாள் வாடும். இந்தக் கருவியை உழவர் எப்படி நம்புவார்? மின்சாரமும் அப்படித்தான். இன்றிரவு மும்முனை வரும், நாளைக்கு எப்போது வரும் என்று உறுதியில்லை. ஆகவே 'இப்போது ஈரம் எவ்வளவு' என்று மட்டும் கேட்கும் நிரல் பாதி நிரல்தான். 'அடுத்த முறை தண்ணீர் கிடைக்கும் வரை இந்த ஈரம் தாங்குமா' என்று கேட்க வேண்டும். அதற்கு உழவர் தன் முறையையும், கரண்ட் நேரத்தையும் எளிதாக உள்ளிட வழி வேண்டும். தமிழில் வேண்டும். பொத்தான் பெரிதாக வேண்டும்.

செய்தி வரவில்லை என்றால்? சென்சார் உடைந்தால்? அப்போது கருவி பேசாமல் படுத்துவிடக் கூடாது. உழவர் வழக்கமாகக் கட்டும் கணக்கையே பின்பற்றி, ஓர் உச்ச நேரத்துக்கு மேல் ஓடாமல், 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்.

பெட்டி பற்றி இரண்டு சொல். கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மழை ஏறாது. எறும்பு எந்தப் பிளவிலும் நுழைந்து கூடு கட்டும். சிலிகான் பூசி அடையுங்கள். நம் வெயிலில் மூடிய பெட்டிக்குள் 60 டிகிரி வரை போகலாம். 45 டிகிரிக்கு மேல் சாதாரண லித்தியம் அயான் பேட்டரியை மின்னேற்றக் கூடாது. பெட்டிக்கு வெள்ளை பூசி நிழலில் வையுங்கள், முடிந்தால் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு மின்னணு பேசிய பிறகு, மின்னணுவே வேண்டாத ஓர் இடத்தையும் காட்டுகிறேன். நெல் வயல். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய ஒரு முறை இருக்கிறது; காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர்கள் சொல்கிறார்கள். ஓர் அடி நீளக் குழாய், பக்கங்களில் ஓட்டை. அதை வயலில் பதித்து உள்ளே மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் தண்ணீர் நிற்கட்டும். 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம், மீத்தேன் வெளியேற்றமும் குறைகிறது. பேட்டரி இல்லை, நிரல் இல்லை. வீட்டருகே ஒரு ஏக்கர் நெல் வைத்திருப்பவருக்கு இந்தக் குழாய் போதும். சென்சார் விற்கப் போகாதீர்கள். பத்து ஏக்கர் சொட்டுநீர், பல வால்வு, இரவு மின்சாரம், ஆள் பற்றாக்குறை. அங்கேதான் நம் கருவிக்கு வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயலில் மிச்சமான தண்ணீர் தானாக நிலத்தடியில் சேர்ந்துவிடாது. மிச்சத்தை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் நட்டால் போர் ஆழம் குறையாது. அது ஊர் கூடி எடுக்க வேண்டிய முடிவு. கருவியால் முடியாததைக் கருவி செய்யும் என்று மேடையில் சொல்வது உழவருக்குச் செய்யும் துரோகம்.

இப்போது மூன்று வேண்டுகோள்கள். மாணவர்களே, வரும் பட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு அருகே ஓர் உழவரைப் பிடியுங்கள். இரண்டு ஆழத்தில் இரண்டு சென்சார் நடுங்கள். வால்வைத் தொடாதீர்கள், மோட்டாரைத் தொடாதீர்கள். ஒரு பயிர் முழுக்க எண்ணை மட்டும் பாருங்கள். அவர் எப்போது தண்ணி கட்டினார் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அறுவடை முடிந்ததும் இருவரும் அந்தத் தாளை வைத்து உட்காருங்கள். வால்வு மாட்டுவதைப் பிறகு பேசலாம்.

உழவர் பெருமக்களே, அவர்கள் வந்தால் வரப்பில் இடம் கொடுங்கள். உங்கள் முறையையும் உங்கள் கரண்ட் நேரத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் நூறு சதவீத மானியம் இருக்கிறது. இன்னும் வாங்காதவர்கள் வாங்குங்கள். வாய்க்காலில் பாயும் தண்ணீரைச் சென்சாரால் அளந்து பயனில்லை.

மூன்றாவது வேண்டுகோள், வேளாண் துறைக்கு. 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் அச்சாகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கார அமில நிலை, துத்தநாகம், போரான் என்று எல்லாம் இருக்கின்றன. அந்த மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்ற அளவு மட்டும் இல்லை. வயல் கொள்ளளவும் வாடல் நிலையும் பதின்மூன்றாவது, பதினான்காவது வரிகளாக அந்த அட்டையில் ஏறட்டும். அந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால், நான் சொன்ன கணக்கை ஒவ்வொரு உழவரும் தன் வயலுக்குத் தானே போட்டுக்கொள்வார். அதைக் கேட்டு இந்த அவையின் சார்பில் ஒரு தீர்மானம் எழுதித் துறைக்கு அனுப்புங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.